தைச்சு மூடின பை

மத்தியானம் ரெண்டு மணி. சுள்ளுனு வெயில். மூடிப் போன மில்லுக்குப் பின்னாடி ஒரு ரோடு. அந்த மாதிரி ரோடு எல்லா ஊர்லயும் ஒண்ணு இருக்கும். நேரா, நீளமா, ரெண்டு பக்கமும் சுவர். ஒரு மரம் கிடையாது, ஒரு நாய் கிடையாது. அந்த ரோட்ல ஒருத்தன் தனியா பைக்ல போறான்...

ஏன் சிரிக்கிறீங்க? பேய்க் கதைன்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கணும்னு சட்டமா? இது பட்டப்பகல்ல நடந்தது. அதனாலதான் எனக்கு இன்னும் ஜீரணமாகலை. கரண்ட் இப்போதைக்கு வராது. வீட்டுக்குள்ள புழுக்கம் தாங்காம எல்லாரும் படிக்கட்டுல வந்து உக்காந்தாச்சு. கதை சொல்லுக்கான்னு கேட்டதும் நீங்கதான். அப்புறம் தூக்கம் வரலைன்னு என் கதவைத் தட்டக் கூடாது. டிரைவர் அண்ணே, அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைங்க. அந்த வாசனை எனக்கு இப்போ ஆகலை. இல்லம்மா, இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும். துணிதான்.

சரி. பைக்ல போனவன் என் சிநேகிதியோட தம்பி. என் தையல் கடைக்குப் பக்கத்துல பட்டன், நூல், லேஸ் விக்கிறாளே, அவளோட தம்பி. மோட்டார் மெக்கானிக். மிக்ஸி, ஃபேன், தண்ணி மோட்டார்... சுத்துற எதையும் விடமாட்டான். சட்டைப் பையில எப்பவும் ஒரு திருப்புளி, அதான் ஸ்க்ரூ டிரைவர், நீட்டிக்கிட்டு இருக்கும். கல்யாண போட்டோலகூட இருக்குன்னா பார்த்துக்கோங்க. அதனால அவன் பேரே திருப்புளின்னு ஆகிடுச்சு. பொண்டாட்டிகூட கோபம் வந்தா அப்படித்தான் கூப்பிடுவா.

அவனுக்கு ஒரே பொண்ணு. ஏழு வயசு. குட்டின்னு கூப்பிடுவோம். கைக்குழந்தையா இருந்தப்பலேர்ந்து இழுப்பு. இழுப்பு வந்த குழந்தையை நீங்க பக்கத்துல இருந்து பார்த்திருக்கீங்களா? கழுத்துக் குழி உள்ள போகும். தோள் ரெண்டும் மேல ஏறும். நெஞ்சுக்குள்ள ஒரு விசில்... நம்ம உசுரையும் சேர்த்து இழுக்கிற மாதிரி. டாக்டர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். வீட்ல தூசி இருக்கக் கூடாது. துடைப்பம் போட்டா பறக்கும். வேக்குவம் கிளீனர் வெச்சு இழுங்க, தினமும் இழுங்கன்னார்.

ரெண்டு வாங்கினான். ரெண்டும் ஆறு மாசம் தாங்கலை. "பிளாஸ்டிக் டப்பாக்கா, உள்ள ஒண்ணுமே இல்ல"ன்னு என்கிட்ட வந்து திட்டுவான். பழைய காலத்து இரும்பு மெஷின் ஒண்ணு மாட்டினா போதும், என் ஆயுசுக்கும் ஓட்டிக் காட்டுறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அவன் வாய் முகூர்த்தம், மாட்டிடுச்சு.

அந்த ரோடு முடியிற இடத்துல ஒரு பழைய வீடு. தண்ணி மோட்டார் ஓடலைன்னு கூப்பிட்டிருந்தாங்க. கூப்பிட்டவர் வெளியூர்க்காரர், வீட்டைக் காலி பண்ண வந்தவர். அவரோட அத்தை அங்க தனியா இருந்து, பத்து நாள் முன்னாடிதான் போய்ச் சேர்ந்தாங்களாம். எண்பத்தாறு வயசு. பேச்சுவாக்குல அவர் சொன்னாராம், "எங்க அத்தைக்கு சின்ன வயசுல பயங்கர இழுப்பு. எட்டு வயசுல ஒரு நாள் நின்னுச்சாம் பாருங்க, அதுக்கப்புறம் சாகற வரைக்கும் ஒரு இருமல் கிடையாது"ன்னு. திருப்புளி இதை என்கிட்ட எவ்வளவு ஆசையா சொன்னான் தெரியுமா. தானாவே நின்னுடுமாம்கா, தானாவே நின்னுடுமாம்னு ரெண்டு தடவை சொன்னான்.

மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்ன ரூம். கதவுக்கு வெளிப்பக்கம் பெரிய தாழ்ப்பாள். திறந்தா... அந்த மெஷின் மட்டும். நிக்க வெச்சுத் தள்ளுற மாதிரி. கீழ இரும்புக்கூட்டுக்குள்ள மோட்டார், மேல நீளக் கைப்பிடி, கைப்பிடியை ஒட்டித் தொங்குற கறுப்புத் துணிப் பை. வேற ஒரு துடைப்பம்கூட அந்த ரூம்ல இல்ல. "அத்தை இதைத் தொடவே விடமாட்டாங்க. உங்களுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போங்க"ன்னார் அவர். ஒரு மெஷின் இருக்கிற ரூமுக்கு வெளித் தாழ்ப்பாள் எதுக்குன்னு நீங்களும் நானும் கேப்போம். இவன் கேக்கலை. இரும்புக் கூட்டைத் தட்டிப் பார்த்தான், கணீர்னு இருந்துச்சு, பைக்ல வெச்சுக் கட்டிட்டான்.

வீட்டுக்கு வந்து பார்த்தா மூணு கோளாறு. கோளாறுன்னு அவன்தான் சொன்னான். வயரை அடியோட வெட்டியிருந்துச்சு. அது ஒண்ணு. கீழ தூசி இழுக்கிற வாய் இருக்கும்ல, அதுல மெழுகைக் காய்ச்சி ஊத்தி அடைச்சிருந்துச்சு. மெழுகு மேல விரல் வெச்சு அழுத்தின தடம்... ரேகைகூட தெரியுது. சின்ன விரல். மூணாவது அந்தப் பை. தூசியைக் கொட்ட மேல ஒரு வாய் உண்டு. அதைத் தைச்சு மூடியிருந்துச்சு.

மெக்கானிக் புத்தி இருக்கே, அதுக்கு எதைப் பார்த்தாலும் ரிப்பேர்தான். வெட்டியிருந்தா சேர்க்கணும். அடைச்சிருந்தா குத்தி எடுக்கணும். மூடியிருந்தா திறக்கணும். யாரோ வேணும்னே செஞ்சு வெச்சிருக்காங்கன்னு அவன் மண்டையில ஏறவே இல்ல. அவனை மட்டும் சொல்லி என்ன பண்றது. பையைப் பிரிச்சது நான்.

ஆமா, நான்தான். முழிக்காதீங்க. கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தான். "புதுப் பை வேண்டாம்கா, இந்தத் துணி இப்போ கிடைக்காது. பிரிச்சு, துவைச்சு, மேல ஒரு ஜிப் வெச்சுக் கொடுங்க"ன்னான். நான் தையலைப் பார்த்தேன். கைத்தையல். மெழுகு தேய்ச்ச கெட்டி நூல். ஒரு தையல் வலப்பக்கம் சாய்ஞ்சிருக்கு. அடுத்தது இடப்பக்கம். வலது, இடது, வலது, இடது... கடைசி வரைக்கும் அப்படியே. ஒரே ஆள் தைச்சா அப்படி வராது. வலதுகைக்காரங்க தையல் ஒரு பக்கம் சாயும், இடதுகைக்காரங்க தையல் மறுபக்கம் சாயும். ரெண்டு பேர் ஊசியைக் கை மாத்திக் கை மாத்தித் தைச்சிருக்காங்க, வேலைவெட்டி இல்லாதவங்கன்னு நினைச்சுக்கிட்டேன். பிளேடை எடுத்துப் பிரிச்சேன்.

உள்ள ஒரு கைப்பிடி தூசி. சாம்பல் கலர்ல, மாவு மாதிரி நைஸா. துருப்பிடிச்ச ஊசி ஒண்ணு. ரொம்ப நாள் மூடியிருந்த பீரோவைத் திறந்தா ஒரு வாசனை வருமே, அது. அதோட பென்சில் சீவின வாசனை. நான் அந்தத் தூசியைக் கடை வாசல் குப்பைத் தொட்டியில கொட்டினேன். ஓரம் மூலை எல்லாம் தட்டித் தட்டிக் கொட்டினேன். அதை நினைச்சா எனக்கு இப்பவும் சாப்பாடு இறங்காது. ஏன்னு பின்னால தெரியும்.

குட்டி அப்போ என் பக்கத்துலதான் இருந்தா. துண்டுத் துணியில பட்டன் வெச்சுத் தைச்சுக்கிட்டு. கடைக்கு வந்தா அவளுக்கு அதுதான் விளையாட்டு. இடதுகைக்காரி அவ. தைக்கிறது எல்லாம் இடப்பக்கம் சாயும், காத்துல சாய்ஞ்ச புல்லு மாதிரி. "அத்தை, அது யாரோட பை?"ன்னு கேட்டா. உங்க வீட்டுப் பைதான்டின்னேன்.

திருப்புளி பத்து நாள் உக்காந்து வேலை பார்த்தான். புது வயர், புது பிளக். கார்பன் மாத்தினான். பேரிங்குக்கு கிரீஸ் வெச்சான். மெழுகைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எங்க எல்லாரையும் கூப்பிட்டு ஸ்விட்சைப் போட்டான். ம்ம்ம்ம்னு ஒரு சத்தம். காதுக்குக் கேக்கிறதுக்கு முன்னாடி பல்லுல தெரியுது. பை உப்பி நின்னுச்சு. குட்டி ரூம்ல ஒரு சுத்து தள்ளினான். நிறுத்தினதும் பை மெதுவா அமுங்குச்சு... ஹாஆ...ன்னு ஒரு பெருமூச்சு. எனக்கு அந்தப் பெருமூச்சு பிடிக்கலை. ஆனா அன்னைக்குக் குட்டி விடிய விடிய தூங்கினா. விசில் இல்ல. அவ அம்மா நாலு தடவை எழுந்து மூக்குகிட்ட கை வெச்சுப் பார்த்தாளாம், குழந்தை இவ்வளவு அமைதியா தூங்கி அவ பார்த்ததே இல்ல. மறுநாள் எனக்கு போன் பண்ணி அழுதா. நானும் அழுதேன். சந்தோஷத்துலதான்.

அப்புறம் தினமும் காலையில ஒரு தடவை. ஒரு மாசம், ரெண்டு மாசம். வீடு பளிங்கு மாதிரி. குட்டி கன்னத்துல சதை வெச்சா. திருப்புளி பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் மெஷின் புராணம்தான். ஒரே ஒரு விஷயம்தான் அவனுக்குப் புரியலை. எவ்வளவு இழுத்தாலும் பையில தூசியே சேரலை. ஜிப்பைத் திறந்து பார்ப்பான். காலி. பென்சில் வாசனை மட்டும்.

மூணாவது மாசம் பள்ளிக்கூடத்துல ஒரு நாள் சுற்றுலா கூட்டிட்டுப் போனாங்க. விடியக் காலம் கிளம்பணும்னு அன்னைக்கு மெஷின் போடலை. பஸ் ஒரு மணி நேரம்கூட போயிருக்காது. டீச்சர் போன் பண்றாங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நானும் போனேன். டாக்டர் நெஞ்சுல வெச்சுப் பார்க்கிறார், படம் எடுத்துப் பார்க்கிறார், நுரையீரல்ல ஒண்ணும் இல்லைங்கறார். அப்புறம் அவரே குனிஞ்சு கொஞ்ச நேரம் பார்த்துட்டு சொன்னார்... "மூச்சை விடுறா. இழுக்க மாட்டேங்கறா."

மாஸ்க் போட்டு, ஊசி போட்டு, ஒரு மாதிரி பிடிச்சு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினாங்க. வீட்டுக்குள்ள வந்ததும் மறுபடி அதே கதை. அவ அம்மாவுக்கு என்ன தோணுச்சோ, ஓடிப் போய் மெஷினைப் போட்டா. பை உப்புச்சு. குட்டி நெஞ்சும் உப்புச்சு. ரெண்டும் ஒண்ணா. நாங்க மூணு பேரும் பார்த்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலை.

அதுக்கப்புறம்தான் மாட்டிக்கிட்டாங்க. காலையில ஒரு தடவைங்கறது காலையும் சாயங்காலமும் ஆச்சு. அப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் மணிக்கொரு தடவை. கடைசியில நிறுத்தவே முடியலை. குட்டி கட்டிலுக்குப் பக்கத்துல மெஷின் நிக்குது, ராவும் பகலும் ம்ம்ம்ம்... கட்டிலை விட்டு பத்தடி தள்ளிப் போனா உதடு நீலமாகுது. குளியல், சாப்பாடு, எல்லாம் அந்த ரூமுக்குள்ள. ஜன்னலைத் திறந்தா மூச்சு குறையுதுன்னு ஜன்னல் இடுக்குல எல்லாம் டேப் ஒட்டினாங்க. அவன் பொண்டாட்டி மருந்துக் கடையில வேலை பார்த்தவ, வேலையை விட்டா. இவன் கடையைப் பூட்டினான். கரண்ட் போனா என்ன பண்றதுன்னு பெரிய பேட்டரி ரெண்டு வாங்கி வரிசையா வெச்சான். உள்ள யாரும் கத்திப் பேசினாதான் கேக்கும். கொஞ்ச நாள்ல பேசறதையே விட்டுட்டாங்க.

வேற ஆஸ்பத்திரிக்குப் போகலையான்னு கேக்கிறியாம்மா? போனாங்க. மூணு. மெஷினை வேன்ல ஏத்தி, ஓட விட்டுக்கிட்டே போனாங்க. மெஷின் ஓடிக்கிட்டிருந்தா குழந்தைக்கு ஒண்ணுமே இல்ல. டாக்டருங்க இவங்க ரெண்டு பேரையும்தான் ஒரு மாதிரி பார்த்தாங்க.

இதுல கார்பன்னு ஒண்ணு இருக்கு. மோட்டாருக்குள்ள ரெண்டு சின்னக் கட்டி, விரல் நுனி அளவு. ஓட ஓட தேயும். தேய்ஞ்சா மாத்தியே ஆகணும், மாத்தணும்னா மெஷினை நிறுத்தியே ஆகணும். நாலு ஸ்க்ரூ, ரெண்டு ஸ்பிரிங், ரெண்டு கார்பன். யாரா இருந்தாலும் பத்து நிமிஷம். திருப்புளி கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு பழைய மோட்டார்ல பழகினான். மூணு நிமிஷத்துக்கு வந்தான். ரெண்டுக்கு வந்தான். கடைசியில தொண்ணூறு செகண்ட். அந்தத் தொண்ணூறு செகண்டும் அவ அம்மா குழந்தையை மடியில போட்டுக்கிட்டு சத்தமா எண்ணுவா. எழுபதுக்கு மேல அவ குரல் நடுங்கும். இவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். பார்த்தா கை தப்பிடும்னு. ரிப்பேர் வேலைக்காக பெருமைப்பட்ட கை அது... இப்போ அதுவே அவனுக்கு விலங்கு.

ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு போன். "அக்கா, ஊசி நூலோட வாங்க"ன்னான். அவ்வளவுதான். ஓடினேன்.

நான் வெச்ச ஜிப் பல்லு விட்டுடுச்சு. பையோட மேல் வாய் பிளந்து நிக்குது, அவன் ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், எவ்வளவு நேரமா நிக்கிறானோ, விரல் எல்லாம் வெளுத்துப் போச்சு. இடுக்கு வழியா காத்து புஸ்ஸுனு வெளிய வருது. கட்டில்ல குட்டி. உதடு நீலம். நெஞ்சு பாதிதான் ஏறுது. மறுபடி அந்த விசில். "திறக்கவே வேண்டாம்கா இனிமே. தைச்சு மூடிடுங்க"ன்னான்.

கெட்டி நூலைக் கோத்து, மெழுகுல ஒரு தடவை இழுத்துட்டு, உக்காந்தேன். துணி சூடா இருந்துச்சு, காய்ச்சல் உடம்பு மாதிரி. ஊசியைக் குத்தி உள்ள தள்ளினேன். மறுபக்கம் போய் இழுக்கணும்ல... நான் இழுக்கலை. ஊசி தானா வெளிய வந்துச்சு. அடுத்த தையல் போட வேண்டிய இடத்துல, சரியா, நூலோட.

காத்து தள்ளுதுன்னு நினைச்சேன். அந்த நேரத்துல வேற என்ன நினைக்க முடியும்? வாங்கி மறுபடி உள்ள தள்ளினேன். மறுபடி வந்துச்சு. நான் ஒண்ணு. உள்ளேர்ந்து ஒண்ணு. கட்டில்ல விசில் குறையுது. நான் ஒண்ணு. உள்ளேர்ந்து ஒண்ணு. அவ அம்மா, "நல்லாகுதுக்கா, நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க"ங்கறா. நான் நிறுத்தலை. கடைசித் தையல் போடும்போது... துணிக்கு உள் பக்கத்துலேர்ந்து என் விரலை ஏதோ பிடிச்சுச்சு. துணியோட சேர்த்து. சின்னதா, வெதுவெதுன்னு. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விடலை.

நான் கையை உருவிக்கிட்டு முடிச்சுப் போட்டேன்.

முடிச்சு விழுந்ததும் மோட்டார் நின்னுச்சு. தானா. இவன் திருப்புளியைத் தூக்கிக்கிட்டு பாயறான், அவ அம்மா எண்ண ஆரம்பிச்சுட்டா... ஒண்ணு, ரெண்டு, மூணு... குட்டி எழுந்து உக்காந்தா. "தண்ணி"ன்னா. நீளமா ஒரு மூச்சு இழுத்தா. சத்தமே இல்ல. எண்ணிக்கிட்டிருந்தவ எண்ணுறதை மறந்துட்டா. எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. மூணு பேரும் தரையில உக்காந்து ஓன்னு அழுதோம். குட்டி அழலை. எங்களைப் பார்த்துக்கிட்டே தண்ணி குடிச்சா.

அன்னைக்கே ஜன்னல் டேப்பைக் கிழிச்சாங்க. குட்டிதான் சொன்னாளாம், "அப்பா, இனிமே அது வேண்டாம், வயரை வெட்டிடுங்க"ன்னு. வெட்டினான். ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து, கீழ் வாயை அவளே அடைச்சாளாம், விளையாட்டா, விரல் வெச்சு அழுத்தி அழுத்தி. பிள்ளை கையில எவ்வளவு சுத்தம் பாருங்கக்கான்னு திருப்புளி என்கிட்ட காட்டினான். எனக்கு அந்த மெழுகை எங்கயோ பார்த்த மாதிரி இருந்துச்சு. வாய்க்கு வரலை. மெஷினைப் பரண்ல போட்டாங்க.

ஒரு மாசம் கழிச்சு யூனிஃபார்முக்கு அளவெடுக்க கூட்டிட்டு வந்தாங்க. மார்பு அளவு எடுக்கும்போது குழந்தைங்க மூச்சைப் பிடிச்சுக்கும், அதனால நான் எப்பவும் "மூச்சை விடு கண்ணு"ன்னு சொல்லுவேன். விட்டா டேப் தளரும். சொன்னேன். டேப் தளரலை. இறுகுச்சு. மறுபடி சொன்னேன். இன்னும் இறுகுச்சு. டேப்புக்குள்ள இருந்த என் விரலே நசுங்குது. அவ அண்ணாந்து என்னைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே நிக்கிறா. அளவை நானே எழுதறேன் அத்தைன்னு நோட்டை வாங்கி எழுதினா. அவ அம்மா பெருமையா, "எழுத்து எவ்வளவு அழகா மாறிடுச்சு பார்த்தீங்களாக்கா, டீச்சர்கூட சொன்னாங்க"ன்னா.

வலது கையால எழுதினா.

மறுநாள் அவ பள்ளிக்கூடம் போன நேரமாப் பார்த்துப் போனேன். மாதிரிக்கு வேணும்னு பொய் சொல்லி அந்தப் பையைக் கேட்டேன். மோட்டார்லேர்ந்து கழட்டுறதுக்கு முன்னாடி பையோட கழுத்தை நானே கயித்தால இறுக்கிக் கட்டினேன். கடைக்குள்ள வந்து, ஷட்டரை இறக்கிட்டு, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். நான் போட்ட தையல் வலப்பக்கம் சாய்ஞ்சிருக்கு. அடுத்தது இடப்பக்கம். காத்துல சாய்ஞ்ச புல்லு மாதிரி. வலது, இடது, வலது, இடது... கடைசி வரைக்கும்.

குட்டியை உள்ள வெச்சு, என் கையால நானே தைச்சு மூடியிருக்கேன். அவ என் விரலைப் பிடிச்சா, நான் உருவிக்கிட்டேன். இதை அவங்கப்பா அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? அவங்க இப்போதான் சிரிக்கிறாங்க. பிள்ளை ஓடுது, ஆடுது, ஒரு இருமல் கிடையாது. பிரிச்சிடலாமேங்கறீங்க. போன தடவை, எட்டு வயசுல இழுப்பு நின்ன அந்த அத்தையோட பையைப் பிரிச்சப்போ என்ன இருந்துச்சுன்னு சொன்னேன்ல? ஒரு கைப்பிடி தூசி. பிரிச்சா அவ வெளிய வருவாளா... இல்ல கொட்டிப் போவாளா? எனக்குத் தெரியலை. அந்தத் தைரியம் எனக்கு இல்ல. நான் கோழைதான், சொல்லிக்கோங்க.

ஆனா ஒண்ணு செஞ்சேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு ஊசியில நூலைக் கோத்து, மெதுவா உள்ள விடுவேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. அப்புறம்... ஊசி திரும்பி வரும். இடப்பக்கம் சாய்ஞ்சு ஒரு தையல். அத்தை, நான் இருக்கேன்னு சொல்ற மாதிரி. நான் நூலை உருவிட்டு ஓட்டையை அப்படியே விட்டுடுவேன். ஊசி ஓட்டைதான், ஆனாலும் அந்த வழியா கொஞ்சம் காத்து போகும்ல. ஒரு நாளைக்கு ரெண்டு ஓட்டை. நாப்பது நாள். எண்பது ஓட்டை.

இன்னைக்கு மத்தியானம், நான் நாள் கடத்திக்கிட்டே வந்த யூனிஃபார்மை வாங்க வந்தாங்க. கடைக்குள்ள திரைக்குப் பின்னாடி போய் குட்டி போட்டுப் பார்த்தா. திரைக்குப் பின்னாடிதான் இந்தப் பை தொங்கிக்கிட்டிருந்துச்சு... நான் அதை யோசிக்கலை, அவ அம்மாகூட பேசிக்கிட்டே நின்னுட்டேன். அஞ்சு நிமிஷம்தான் இருக்கும். யூனிஃபார்ம் கச்சிதமா இருக்கு அத்தைன்னு சொல்லிட்டுப் போனா. நாலு மணிக்கு ஊசியைக் கோத்துக்கிட்டுப் போய்ப் பையை எடுத்தேன். எண்பது ஓட்டையிலயும் மெழுகு. என் கடை மெழுகுதான். ஒவ்வொண்ணு மேலயும் சின்ன விரல் ரேகை.

ஆமாம்மா. துணிதான்னு சொன்னேன். துணிப் பைதான் இது. தள்ளி உக்காராதீங்க, தயவு பண்ணி யாரும் எழுந்து போகாதீங்க. இவ்வளவு பேர் கூட இருந்தா பிரிக்கிறதுக்கு தைரியம் வரும்னுதான் தூக்கிட்டு வந்தேன். பிளேடும் இருக்கு. இங்க வந்து உக்காந்ததும், நீங்க எல்லாரும் இடம் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்களே, அப்பவே ஒரு ஓட்டை போட்டேன். ஊசி உள்ள போச்சு. ரொம்ப நேரம் கழிச்சு... திரும்பி வந்துச்சு. அவ இன்னும் இருக்கா. அதுக்கப்புறம் பை என் மடியை விட்டு இறங்கலை. நான் கையைக்கூட எடுக்கலை. நீங்களே பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க.

டிரைவர் அண்ணே, போன்ல லைட்டைப் போட்டு இப்படிக் காட்டுங்க. இதோ... இந்த இடத்துலதான் குத்தினேன். மேல பாருங்க, அதே சின்ன விரல் ரேகை.

தொட்டுப் பாருங்க. மெழுகு இன்னும் ஆறலை.